வெள்ளைப்படுதல் எல்லாம் பூஞ்சைத் தொற்று அல்ல: கண்டறிவதிலும் சிகிச்சையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறப்புறுப்பில் அரிப்பு எடுத்து, அதனுடன் வெள்ளையும் படத் தொடங்கினால், நம் பெண்களில் பலர் மருத்துவரிடம் செல்வதற்கு முன் இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்டுவிடுகிறார்கள். வீட்டில் உள்ள மூத்தவர்கள் அதை உடம்புச் சூடு என்பார்கள். மருந்துக் கடைக்காரர் ஃபங்கஸ் என்று சொல்லி ஒரு மாத்திரையையோ களிம்பையோ எடுத்துக் கொடுப்பார். கடைக்காரர் சொன்னது சில நேரங்களில் சரியாகவே அமைந்துவிடும். ஒருமுறை பலித்த மருந்தை அடுத்தடுத்த முறைகளில் எவரையும் கேட்காமல் வாங்கும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பூஞ்சைத் தொற்று எளிதில் குணமாகக்கூடியது. அதன் சிகிச்சை தவறிப்போவதற்குப் பெரும்பாலும் மருந்து காரணமாக இருப்பதில்லை, வந்திருப்பது பூஞ்சைதானா என்று பார்க்காமலேயே முடிவு செய்துவிடுவதுதான் காரணம்.

இந்தத் தொற்றை உண்டாக்குவது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பெரும்பாலோரிடம் காணப்படுவது கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனம். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில்கூடப் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரையிலானோருக்கு இந்தப் பூஞ்சை யோனியில் இருக்கும். அங்குள்ள லாக்டோபேசிலஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் உடலின் எதிர்ப்பு சக்தியும் அதை அளவுக்குள் வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளால் அந்த பாக்டீரியாக்கள் குறையும்போதும், ரத்தத்தில் சர்க்கரை கூடும்போதும், கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண் ஹார்மோன் உயரும்போதும், ஸ்டீராய்டு மருந்தாலோ நோயாலோ எதிர்ப்பு சக்தி தாழும்போதும் பூஞ்சை பெருகித் தொற்றாகிறது. பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. எனவே இது ஒழுக்கத்தையோ சுத்தமின்மையையோ காட்டும் நோய் அன்று. வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

முதல் தவறு, இயல்பான வெள்ளைப்படுதலையே நோயாக நினைப்பது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், நிறமற்ற வழுவழுப்பான திரவம் கூடுதலாக வெளிப்படுவதும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அது சற்றுக் கெட்டியாவதும் உடலின் இயல்பு. அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம் ஏதும் இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை. எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது, அதனால்தான் பெண் மெலிகிறாள் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எலும்புக்கும் இந்தத் திரவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையிலேயே மெலிவும் அசதியும் இருந்தால் அவற்றுக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். வெள்ளைப்படுதலின் மீது பழியைப் போட்டுவிட்டால் அந்தத் தேடலே நடக்காமல் போகிறது. சூடு தணிக்க மோரும் வெந்தயமும் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அவை பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை.

அரிப்போடு வரும் வெள்ளைப்படுதலை எல்லாம் பூஞ்சை என்று எண்ணுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பூஞ்சைத் தொற்றில் முதன்மையாகத் தெரிவது கடுமையான அரிப்பு. புறத்தோல் சிவந்து வீங்குதல், சிறுநீர் பட்டால் வெளிப்புறம் எரிதல், உடலுறவின்போது வலி, தோலில் மெல்லிய வெடிப்புகள் ஆகியவையும் இருக்கலாம். திரவம் திரிந்த பாலைப் போலக் கட்டிகட்டியாக இருக்கும், அதில் பெரும்பாலும் துர்நாற்றம் இராது; சிலருக்குத் திரவமே அதிகம் வராமல் அரிப்பு மட்டும் இருப்பதும் உண்டு. மாறாக, சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் நீர்த்த திரவம் வந்து, குறிப்பாக உடலுறவுக்குப் பின் மீன் நாற்றம் அடித்தால் அது பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் ஏற்படும் வஜினோசிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். அது உடலுறவால் பரவுவது, கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டியது. இந்த இரண்டுக்கும் பூஞ்சை மருந்து பயன்படாது.

கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது அனுபவம் உள்ளவர்களுக்கே எளிதன்று. அமெரிக்காவில் தமக்குப் பூஞ்சைத் தொற்று என்று தாமே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியானது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் அந்தத் தொற்று இருந்தது. முன்பு ஒருமுறை மருத்துவர் உறுதி செய்த நோயாக இருந்தாலும் இந்த முறையும் அதுவேதான் என்று சொல்லிவிட முடியாது என்பதை மனத்தில் கொள்வது நல்லது.

வயதைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. இந்தத் தொற்றுக்கு ஈஸ்ட்ரோஜென் துணை நிற்பதால், பூப்பெய்தாத சிறுமிகளிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இது குறைவாகவே காணப்படும். சிறுமிக்கு இரவில் அரிப்பு இருந்தால் கீரிப்பூச்சித் தொல்லையா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நீடித்த அரிப்பு இருந்தால் தோல் வறண்டு மெலிதல், தோல் வெளுத்துச் சுருங்கும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் நோய், கண்டறியப்படாத சர்க்கரை நோய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தொடை இடுக்கில் வட்டமாகப் பரவும் படர்தாமரையும் பூஞ்சைதான் என்றாலும் அது வேறு இனம், அதற்கான சிகிச்சையும் வேறு.

மருந்துக் கடையில் நடப்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசித்ரோமைசின், ஃபுளுக்கோனசோல், செக்னிடசோல் மூன்றையும் ஒரே அட்டையில் அடைத்து, எந்தத் தொற்றாக இருந்தாலும் ஒரு நாளில் தீரும் என்பதுபோல் விற்கும் வழக்கம் இந்தியாவில் இருந்து வந்திருக்கிறது. இவற்றுள் பூஞ்சையைத் தாக்குவது ஃபுளுக்கோனசோல் மட்டுமே. அசித்ரோமைசின் ஓர் ஆன்டிபயாடிக், அதுவே சிலருக்குப் பூஞ்சைத் தொற்றைக் கிளப்பிவிடக்கூடியது. இதைவிடத் தீமையானவை, பூஞ்சை மருந்துடன் வீரியமான ஸ்டீராய்டைச் சேர்த்த களிம்புகள். தடவிய முதல் நாளே ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும். அதனால் அது நல்ல மருந்து என்ற பெயரும் எடுத்துவிடும். ஆனால் தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலிந்து, நிறம் மாறி, பூஞ்சையும் உள்ளுக்குள் வளர்கிறது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு ஒத்துவந்த களிம்பை இன்னொருவர் வாங்கிப் பூசுவது இந்த வகைக் களிம்புகளில்தான் அதிகம் நடக்கிறது.

சரியான மருந்து கிடைத்த பிறகும் அதைப் பயன்படுத்தும் விதத்தில் பிழைகள் நேர்கின்றன. சிக்கலில்லாத தொற்றுக்கு ஃபுளுக்கோனசோல் 150 மில்லிகிராம் ஒரு வேளை போதும், அல்லது குளோட்ரிமசோல் மாத்திரையையோ களிம்பையோ யோனிக்குள் வைக்கலாம். மருந்தின் வலுவைப் பொறுத்து அது ஒரே இரவாகவோ ஏழு இரவுகளாகவோ இருக்கும். அரிப்பு இரண்டு மூன்று நாட்களில் தணியத் தொடங்கும். மறுநாளே தீரவில்லை என்று இன்னொரு மாத்திரை விழுங்குவதும், மூன்றாம் நாள் நன்றாகிவிட்டது என்று ஏழு நாள் மருந்தை நிறுத்துவதும் ஒரே அளவுக்குத் தவறு. உள்ளே வைக்கும் மருந்தைப் படுக்கப் போகும்போது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடமாட்டத்தில் வெளியே வந்துவிடும். இத்தகைய களிம்புகளில் பலவற்றில் உள்ள எண்ணெய்ப் பொருள் ஆணுறையின் ரப்பரை வலுவிழக்கச் செய்யும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஃபுளுக்கோனசோல் வாய்வழி மருந்து என்பதால் மற்ற மருந்துகளோடு மோதவும் கூடும்: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக் கசிவு அபாயம் கூடும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

கர்ப்பிணிகள் ஃபுளுக்கோனசோல் மாத்திரையைத் தாமாக எடுக்கவே கூடாது. 2016ஆம் ஆண்டு டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வொன்று அதைக் கருச்சிதைவுடன் தொடர்புபடுத்தியது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் போன்ற மருந்தே ஏழு நாட்களுக்குத் தரப்படுகிறது.

அடுத்தது கழுவும் பழக்கம். யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அதன் அமிலத்தன்மையே அதற்குக் காவல். கிருமிநாசினி, எலுமிச்சைச் சாறு, உப்புநீர், மணமூட்டிய வாஷ் எதுவானாலும் உள்ளே செலுத்திக் கழுவினால் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள்தான் முதலில் அழியும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவித் துடைத்து உலர வைத்தால் போதுமானது. பூண்டுப் பல்லையோ மஞ்சளையோ வேப்பிலை அரைத்த விழுதையோ வைத்துத் தோல் வெந்துபோய் வருபவர்கள் உண்டு. தயிர் சாப்பிடுவது நல்லதுதான் என்றாலும், அது இந்தத் தொற்றைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. உள்ளாடையைப் பிறர் கண்ணில் படாமல் துண்டுக்கு அடியிலோ புடவைக்குப் பின்னாலோ காயப் போட்டு, ஈரம் போகாமலேயே எடுத்து உடுத்தும் வழக்கத்தைப் பெண்கள் விட்டுவிட வேண்டும்; மறைத்துக் காயப்போடச் சொல்பவர்களும் அந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும்.

ஓராண்டில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று எனப்படும். அப்போதும் பழைய ஒற்றை மாத்திரையையே வாங்கிக்கொண்டிருப்பது வீண். முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கே டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் இந்தத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் அதை எழுதிய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இனமாக இருந்தால் வழக்கமான அளவு ஃபுளுக்கோனசோலுக்கு அது பெரும்பாலும் பணியாது. தொற்று உறுதி செய்யப்பட்ட பிறகு முதல் வாரத்தில் மொத்தம் மூன்று ஃபுளுக்கோனசோல் மாத்திரைகளும், பின்னர் ஆறு மாதங்களுக்கு வாரம் ஒரு மாத்திரையும் தருவது திரும்ப வரும் தொற்றுக்கான வழக்கமான முறை. கணவருக்கு அறிகுறி இல்லாவிட்டால் அவருக்கு மருந்து தேவைப்படுவதில்லை.

முதல் முறையாக அரிப்பு வருபவர்களும், கர்ப்பிணிகளும், சர்க்கரை நோயாளிகளும், காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், ரத்தக் கசிவு, துர்நாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களும் கடைக்குப் போகாமல் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். அங்கே திரவத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து, துளியளவு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். பூஞ்சையில் அமிலத்தன்மை பெரும்பாலும் மாறாமலும் வஜினோசிஸில் குறைந்தும் இருக்கும். நுண்ணோக்கியில் தெரியாமல் போகும் தொற்றுகளும் கணிசமானவை என்பதால், ஐயம் இருந்தால் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை கேட்பார்கள். அதற்குச் செல்லும் முன் இரண்டு மூன்று நாட்களாவது உள்ளே எந்தக் களிம்பும் மாத்திரையும் வைக்காமல், உள்ளே கழுவாமல் செல்ல வேண்டும். அதுவரை எடுத்த எல்லா மருந்துகளின் அட்டைகளையும், கடையில் வாங்கியவை உட்பட, கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.