லான் பவுல்ஸ்: புதிய ஆட்டக்காரர்களை வளர்ப்பதிலும் வட்டாரப் போட்டி நடத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஆகஸ்ட் 2 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17–10 என்று வென்று தங்கம் பெற்றனர். அதற்குப் பிறகுதான் லான் பவுல்ஸ் என்ற ஆட்டத்தின் பெயர் நம் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்கள் பலரின் பேச்சில் இடம்பெறத் தொடங்கியது. 1930-இல் தொடங்கிய காமன்வெல்த் போட்டிகளில் 1966-ஆம் ஆண்டு தவிர மற்ற எல்லா ஆண்டுகளிலும் இந்த ஆட்டம் இடம்பெற்றிருக்கிறது. அந்தத் தங்கத்தையடுத்து, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்து நிற்கும் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் இதைத் தொடங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் ஒரு புதிய ஆட்டம் ஒரு வட்டாரத்தில் நிலைப்பதும் மறைவதும் ஒரே ஒரு செய்தியைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து: முதல் ஆண்டில் சேர்ந்தவருக்குப் போதிய அளவு பந்து உருட்டவும், போதிய அளவு போட்டிகளில் ஆடவும் வாய்ப்புக் கிடைக்கிறதா என்பதே அது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஆட்டத்தின் அடிப்படை எளியது. ஜாக் எனப்படும் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் பந்தை முதலில் உருட்டி நிறுத்துகிறார்கள். பின்னர் இரு தரப்பினரும் மாறி மாறித் தங்கள் பெரிய பந்துகளை அதற்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்த முடியுமோ அவ்வளவு நெருக்கமாக உருட்டுகிறார்கள். எதிர்த்தரப்பின் மிக நெருங்கிய பந்தைவிட எத்தனை பந்துகள் ஜாக்குக்கு அருகில் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள் கிடைக்கும். இப்படி இரு தரப்பின் பந்துகளும் உருண்டு முடிவது ஒரு சுற்று. பெரிய பந்து முழு உருண்டை அன்று. ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்து செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. ஆட்டத்தின் நுட்பம் முழுவதும் அந்த வளைவில்தான் இருக்கிறது.

யாரைச் சேர்ப்பது என்பதில் நேரும் தவறு

இது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு சாரார் ஒதுக்குகிறார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பிடித்தால்தான் பயன் என்று இன்னொரு சாரார் கதவைக் குறுக்குகிறார்கள். இரண்டும் தவறு. பர்மிங்காமில் தங்கம் வென்றவர்களில் நயன்மோனி பளுதூக்குதலிலிருந்தும், ரூபா ராணி கபடியிலிருந்தும், லவ்லி ஓட்டப்பந்தயத்திலிருந்தும், பிங்கி கிரிக்கெட்டிலிருந்தும் வந்தவர்கள். வேறொரு ஆட்டத்தில் உடலையும் மனத்தையும் பழக்கியவர்களுக்கு இது இரண்டாவது வாசல். நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். கிளாஸ்கோ 2014, கோல்ட் கோஸ்ட் 2018 என்று அடுத்தடுத்த இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர். சத்துவாச்சாரியைப் போலப் பளுதூக்குதல் வேரோடிய ஊர்களில், முழங்கால் வலியாலோ முதுகு வலியாலோ எடை தூக்குவதை நிறுத்திய இளைஞர்களும் பெண்களும் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. மருத்துவரின் அனுமதியோடு, குனியும் முறையைச் சரிப்படுத்திக் கொண்டு ஆட வரலாம்.

மாற்றுத்திறனாளிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் முறையான விதிகளோடு ஆடும் ஆட்டம் இது. காமன்வெல்த்தில் பாரா பிரிவும் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் மறுவாழ்வு மையம் கண்ட ஊர் வேலூர். இங்கே முதல் நாளிலேயே சாய்வுப் பாதையும் தட்டையான தளமும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

புல்தரைக்காகக் காத்திருப்பது

முறையான புல்தரை 31 முதல் 40 மீட்டர் வரை நீளம் கொண்டது. மேடு பள்ளம் இன்றிச் சமப்படுத்தப்பட்டு, சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட புல் அதற்கு வேண்டும். வெப்பநாடுகளில் இதற்குப் பயன்படுவது நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான் என்பதால், புல் இங்கு வளருமா என்ற ஐயம் தேவையில்லை. சிக்கல் தண்ணீரிலும் அன்றாடப் பராமரிப்பிலும் இருக்கிறது. பாலாறு மணலாகக் கிடக்கும் கோடையில், குடிநீருக்கே லாரி வரும் தெருவில், ஒரு திடலுக்கு நாள்தோறும் நீர் பாய்ச்சுவதை ஊர் ஏற்காது, ஏற்கவும் கூடாது. பணம் திரட்டி, இடம் வாங்கி, புல் வளர்த்து, பிறகு ஆட்டக்காரர்களைத் தேடுவோம் என்று தொடங்குபவர்கள் வழியிலேயே களைத்துவிடுகிறார்கள்.

குறும்பாய் ஆட்டம் என்ற வடிவம் இதற்கு விடை. ஏறத்தாழ 12 முதல் 13.7 மீட்டர் வரை நீளமும் 1.83 மீட்டர் அகலமும் உள்ள கனமான பாயைச் சமமான தளத்தில் விரித்தால் போதும். பள்ளிக் கலையரங்கம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். குறைந்த வாடகைக்கு, மின்விசிறியுடன், வெயிலும் மழையும் படாத நீண்ட கூடம் இரண்டு மாதங்களுக்குக் கிடைக்கும். கிளாஸ்கோ 2026 போட்டியிலேயே இந்த ஆட்டம் உள்ளரங்கத்தில் நடக்கும் வகையில் திட்டமிடப்பட்டது என்பதால், கூடத்தில் கற்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. கூடத்துப் பாயில் பழகிய கை புல்தரைக்குச் சென்றவுடன் தடுமாறும். தரையின் வேகத்தைப் பந்து ஏறத்தாழ 27 மீட்டர் ஓடி நிற்க எடுக்கும் விநாடிகளில் அளக்கிறார்கள். வேகமான தரையில் பந்தை மெல்ல விட்டாலே போதும் என்பதால் அது அதிக விநாடிகள் ஓடும்; மெதுவான தரையில் வலுவாக உருட்ட வேண்டியிருப்பதால் சீக்கிரம் நின்றுவிடும். நியூசிலாந்துத் தரைகளில் 16 விநாடிக்கு மேலும், இங்கிலாந்தின் புல்தரைகளில் 10 முதல் 12 விநாடி வரையிலும் ஆவது இயல்பு. வேகமான தரையில் வளைவு கூடும், மெதுவான தரையில் குறையும். மார்கழிப் பனி படிந்த புல்லில் காலை ஏழு மணிக்கு ஆடுபவருக்கும், வெயில் ஏறிப் புல் உலர்ந்த பிறகு ஒன்பது மணிக்கு ஆடுபவருக்கும் தரை ஒன்றாக இராது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போனால், தன் திறமை போய்விட்டது என்று அந்தப் பிள்ளை எண்ணிவிடும்.

பந்தின் அளவும் முதல் பாடமும்

கிடைத்த பந்தைக் கையில் கொடுத்து உருட்டச் சொல்வது மிகப் பரவலான தவறு. பந்துகள் பல அளவுகளில் வருகின்றன, பெரியவை 1.5 கிலோவைத் தாண்டும். இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் நடுவிரல்களும் பந்தின் பெரிய சுற்றளவைச் சுற்றி ஒன்றையொன்று தொட வேண்டும். அந்தப் பந்தை ஒரு கையால் கவிழ்த்துப் பிடித்துக் கையை மெல்ல ஆட்டினால் நழுவக் கூடாது. இவ்விரு சோதனைகளும் போதும். எட்டாம் வகுப்பு மாணவியிடம் ஆண்களுக்கான பெரிய பந்தைக் கொடுத்தால், அவள் பந்தை உருட்டமாட்டாள், கீழே போடுவாள். நாளடைவில் மணிக்கட்டு வலிக்கிறது என்று வராமல் நின்றுவிடுவாள். பந்து விலை மிகுந்தது என்பதால், தொடக்கத்தில் பள்ளிகள் சேர்ந்து சிறிய அளவுகளில் சில தொகுப்புகளைப் பொதுவில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. ஒருவர் ஆடும் நான்கு பந்துகளும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வெவ்வேறு தொகுப்புகளின் பந்துகளைக் கலந்து கொடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். கற்பவர் எதையும் கற்க முடியாது.

பந்தின் ஒரு பக்கத்தில் பெரிய முத்திரையும் மறு பக்கத்தில் சிறிய முத்திரையும் இருக்கும். சிறிய முத்திரை உள்ள பக்கம்தான் பந்து வளையும். கையில் எடுத்தவுடன் அதைப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்தாவிட்டால், போட்டியில் பந்து பக்கத்துத் தடத்துக்குப் போய் அந்த முயற்சியே வீணாகும்.

அடுத்தது, வேகமாக அடித்து எதிரியின் பந்துகளைச் சிதறடிக்கும் டிரைவ் என்ற வீச்சை முதலில் கற்றுக்கொடுப்பது. பார்க்கக் கவர்ச்சியாக இருப்பதாலும், கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டிப் பழகிய கைக்கு அது இயல்பாக வருவதாலும், பிள்ளைகளும் அதையே கேட்பார்கள். ஆனால் ஆட்டத்தின் உயிர் டிரா என்ற மென்மையான உருட்டலில் இருக்கிறது. பந்தை வளையவிட்டு ஜாக்கின் அருகில் நிறுத்துவது அது. முதல் சில மாதங்கள் டிராவைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பேன். தொடங்கும்போது 12 அல்லது 15 மீட்டரில் ஜாக்கை வைக்கலாம். போட்டி விதிப்படி ஜாக் குறைந்தது 23 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்காக, முதல் நாளே அந்தத் தொலைவுக்கு உருட்டச் சொன்னால் தோள்வலியைத்தான் கற்பிப்போம். வலுவைக் கூட்டுவது கையை இறுக்குவதால் அன்று, பின்னோக்கி ஆட்டும் தூரத்தாலும் முன் வைக்கும் அடியாலும் என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். பந்தை விடும்போது ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது, ஆடுபவர் நிற்கும் சிறிய பாயான கால்விரிப்பின் மீதோ அதற்கு மேலேயோ இருக்க வேண்டும் என்ற விதியையும் அப்போதே சேர்த்துப் பழக்கினால், பிறகு நடுவரிடம் வாதாட நேராது.

முன்னேற்றத்தை வெற்றி தோல்வியால் மட்டும் அளப்பதும் கேடு. கால்விரிப்பின் நீளம் 60 சென்டிமீட்டர். உருட்டிய இருபது பந்துகளில் எத்தனை, ஜாக்கிலிருந்து ஒரு விரிப்பு நீளத்துக்குள் நின்றன என்று ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் தான் வளர்வது தெரியும்.

போட்டி அமைப்பில் நேரும் தவறு

வட்டாரப் போட்டி என்றவுடன் கபடிக்கும் கைப்பந்துக்கும் போடுவதைப் போல நாக்-அவுட் அட்டவணை போட்டுவிடுகிறோம். ஒரே நாளில் முடிக்க வேண்டும், திடல் மாலைக்குள் காலியாக வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு அணிகள் கொண்ட நாக்-அவுட்டில் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். அந்த நான்கும் பெரும்பாலும் புதியவர்களின் அணிகளாகத்தான் இருக்கும். வேலூரில் நடக்கும் போட்டிக்குத் திருப்பத்தூரிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறி வந்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்பும் மாணவியும் அவளை அழைத்து வந்த ஆசிரியரும் அடுத்த முறை வருவார்களா? அதே எட்டு அணிகளை நான்கு நான்காக இரு குழுக்களாகப் பிரித்தால் ஒவ்வோர் அணிக்கும் உறுதியாக மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். குழு ஆட்டங்கள் 12, அரையிறுதி 2, இறுதி 1 என்று மொத்தம் 15 ஆட்டங்கள்தாம். நேரம் போதாது என்றால் ஆட்டங்களைக் குறையுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒவ்வோர் ஆட்டத்தின் சுற்றுகளைக் குறையுங்கள் என்பேன். நால்வர் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கே 16 பந்துகள் உருளும். புதியவர்களுக்கு ஏழு அல்லது எட்டுச் சுற்றுகள் போதுமானவை. ஒற்றையர் ஆட்டத்தை 21 புள்ளிக்குப் பதிலாகக் குறிப்பிட்ட சுற்றுகளோடு முடித்துக்கொள்ளலாம்.

அனுபவசாலிகளையும் முதல் ஆண்டுக்காரர்களையும் ஒரே பிரிவில் விடுவதும், அதற்கு மாறாக முற்றிலும் பிரித்துவிடுவதும், இரண்டுமே பிழை. ஒவ்வொரு நால்வர் அணியிலும் புதியவர் இருவராவது ஆட வேண்டும் என்று போட்டி விதியிலேயே எழுதிவிட்டால், மூத்தவர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே தீர வேண்டியிருக்கும். அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. புதியவரை எப்போதும் லீட் என்ற முதல் இடத்திலேயே நிறுத்திவிட்டு, தன் பந்துகளை உருட்டியவுடன் ஒதுங்கி நிற்கச் செய்வது வழக்கமாகிவிடும். லீட் இழிந்த இடம் அன்று; கால்விரிப்பை வைப்பதும் ஜாக்கை உருட்டித் தொலைவைத் தீர்மானிப்பதும் அவர்தான். ஆனால் அணியை வழிநடத்தும் ஸ்கிப்பின் பக்கம் நின்று, பந்துகள் வந்து கூடுவதை அங்கிருந்து பார்த்தால்தான் ஆட்டம் புரியும். தோழமை ஆட்டங்களில் நான்கு இடங்களையும் சுழற்சியாகக் கொடுங்கள்.

ஒரே சுற்றில் மூன்று நான்கு புள்ளிகளை இழந்தவுடன் புதிய அணி பதறி டிரைவுக்குத் தாவும். ஸ்கிப் அதைத் தடுக்க வேண்டும். பர்மிங்காம் அரையிறுதியில் நியூசிலாந்திடம் 0–5 என்று பின்தங்கிய நம் பெண்கள் 16–13 என்று வென்றார்கள். இறுதியாட்டத்தில் 12 சுற்றுகள் முடிவில் 10–10 என்று சமநிலையில் இருந்து, கடைசி மூன்று சுற்றுகளில் ஏழு புள்ளிகளை எடுத்தார்கள். இந்த எண்களைப் பயிற்சியாளர் தம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

காலத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கத்திரி வெயிலில், 40 டிகிரியைத் தாண்டும் நாளில் திறந்தவெளிப் போட்டி வைக்கக் கூடாது. பள்ளித் தேர்வு வாரங்களையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் விலக்கினால் தை, மாசி மாதங்கள் வாய்ப்பானவை. ஆணி பதித்த காலணியோடு யாரையும் தரையில் விடாதீர்கள். தட்டையான அடி கொண்டது மட்டுமே ஏற்றது.

பெற்றோர் சான்றிதழைப் பற்றிக் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆள் சேர்க்கும் ஆர்வத்தில் வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு என்று வாக்குறுதி தருவது பெரும் தவறு. எந்த நிலைப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்று, அந்தத் தாளையே பெற்றோரிடம் காட்டுங்கள். அதுவரை, ஆட்டம் கற்றுத்தருகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக, நடுவர்களை வெளியூரிலிருந்து வரவழைத்தே ஆக வேண்டும் என்ற நினைப்பு. எந்தப் பந்து நெருக்கம் என்பதில்தான் சண்டை வரும். அதை அளக்கும் நாடாவைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் வட்டாரத்திலேயே பத்துப் பேர் வேண்டும். ஒற்றையர் ஆட்டத்தில் ஜாக்கை நடுக்கோட்டுக்கு நகர்த்தவும், ஜாக்கைத் தொட்ட பந்துக்குச் சுண்ணக்கட்டியால் குறியிடவும், கேட்டபோது மட்டும் நிலைமையைச் சொல்லவும் ஒரு மார்க்கர் தேவை. காயத்தாலோ தேர்வாலோ அந்த ஆண்டு ஆட முடியாத மாணவர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் ஆட்டத்தை விட்டு விலகமாட்டார்கள். விதிகளையும் மற்றவர்களைவிடத் தெளிவாக அறிவார்கள். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே அவர்களுக்கான வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.