சூடான, உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்சுலினைப் பேணுவது எப்படி?

எருமைப் பாலைத் தயிராக்குவது சட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்தான் என்பது மட்டக்களப்பாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சீனி வருத்தத்துக்குப் போடும் இன்சுலினும் இன்று நுண்ணுயிரின் உழைப்பே. முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்தை, மனித மரபணுவின் குறிப்பைப் பெற்ற ஈ.கோலை பற்றீரியாவைக் கொண்டு 1978இல் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இப்போது மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிரைக் கொண்டும் தயாரிக்கிறார்கள்.

எவ்வாறு தயாரித்தாலும் அது 51 அமினோ அமிலங்களாலான ஒரு புரதம். அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாகாததுபோல, சூட்டில் குலைந்த இன்சுலினும் பழைய நிலைக்குத் திரும்பாது.

திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், 2 முதல் 8 பாகை செல்சியசில் வையுங்கள். உறைபெட்டி கூடவே கூடாது. என் மாமியின் போத்தலைக் கூடுதல் குளிர் நல்லதென்று எண்ணி நானே அங்கே வைத்தேன்; உறைந்து இளகியபின் பார்வைக்குக் குறை தெரியாவிட்டாலும் அதை எறிய வேண்டியதாயிற்று.

திறந்த போத்தலில் அன்றைய திகதியை எழுதிவிடுங்கள். பல வகைகள் நான்கு கிழமை வரை தாங்கும். உங்களுடையதன் கணக்கும் வெப்ப எல்லையும் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், மெருகு பூசாத மண்சட்டி இரண்டை எடுத்து, பெரியதற்குள் சிறியதை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, காலையும் மாலையும் அம்மணலை நனையுங்கள். போத்தலை நீர் புகாத உறையிலிட்டு உட்சட்டியில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். உலர்ந்த கச்சானில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் பலன் குறைவு. உள்ளே ஒரு வெப்பமானி இருந்தால் ஊகம் தேவையில்லை.

போடுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். தெளிந்த வகை கலங்கியிருந்தாலோ, கலங்கல் வகையை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிய பின்னும் கட்டிகள் கரையாதிருந்தாலோ அதைப் பாவிக்காதீர்கள். குலுக்க வேண்டாம். சாப்பாடு மாறாமலே சீனி ஏறினால், அளவைத் தாமாகக் கூட்டாமல், புதுப் போத்தலுக்கு மாறி, பழையதைக் கிளினிக்குக்குக் கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.