தொல்லிறாலின் மீசை: புதிய சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் பட்டர்வொர்த்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், இணையத்தில் வாங்கிய இறால் புதைபடிவத்தை என் மேசைமீது வைத்து, "மீசை ஒன்றுகூட முறியவில்லை, பாருங்கள் அண்ணே" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கல்லைக் கீழே போடாதீர்கள், பெயர்ச்சீட்டைத் தொலைக்காதீர்கள் என்பவற்றை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முழு மீசைக்கு விலை கொடுப்பது

அவர் கொண்டுவந்தது ஏகெர் டிப்புலாரியஸ். ஜெர்மனியின் பவேரியாவில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் காயல்களில் படிந்த சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைப்பது. அந்தக் கல் மிக நுண்ணியது என்பதால் வாயருகே நீளும் முட்கால்களும் மீசையும்கூடப் பதிகின்றன. ஆனால் பாளத்தைப் பிளக்கும்போது படிவம் இரு பக்கமாகப் பிரிந்துவிடுவதால், ஒரு பக்கத்தில் விடுபட்டதைத் தூரிகையால் நிரப்பும் வழக்கமும் உண்டு. நிரப்பியதைச் சொல்லி விற்பவரிடம் எனக்குக் குறையில்லை.

என்னிடம் விற்றவர் சொல்லவில்லை. எண்ணூறு வெள்ளி கொடுத்து வாங்கிய கல்லைத் தூசு தட்ட எண்ணி, அசிட்டோன் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்தேன். இடப்பக்க மீசை முழுவதும் பழுப்புச் சாயமாகப் பஞ்சோடு வந்துவிட்டது. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, ஏனெனில் பினாங்கு வீதியின் நாணயமாற்றுக் கடைகளில் கள்ள நோட்டைச் சோதிக்கும் அதே புறஊதா ஒளி, வாங்குமுன்பே அதைக் காட்டிக் கொடுத்திருக்கும். இருட்டறையில் 365 நானோமீட்டர் விளக்கைப் பிடித்தால், உண்மையான ஓடு பெரும்பாலும் ஒளிரும்; சாயமோ கறுத்தோ வேறு நிறத்திலோ தனித்து நிற்கும். மலிவான 395 நானோமீட்டர் விளக்கில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைத்துவிடும். நேரில் பார்க்க இயலாதபோது, புறஊதா ஒளியில் எடுத்த படத்தை விற்பவரிடம் கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இளைஞரின் இறாலில் ஒரு மீசை பாதியில் அணைந்தது.

வினிகரில் ஊறவைப்பது

சுண்ணாம்புக்கல்லை வினிகர் கரைக்கும்.

பெலாங்காஸை (குதிரைலாட நண்டை) இறாலோடு அடுக்குவது

அது சிலந்தியின் உறவு.

உரித்த ஓட்டை உடலென்று எண்ணுவது

இறால் வளரும்போது ஓட்டைக் கழற்றிவிடும். தலைப்பகுதியின் ஓடு வால்பகுதியிலிருந்து விலகி, கோணலாகத் தூக்கி நின்றால், அது கழற்றிய ஓடாக இருக்க வாய்ப்பு அதிகம். இதனால் மதிப்புக் குறையாது. சீட்டில் மட்டும் அவ்வாறே எழுதிவையுங்கள்.