மனசு சரியில்லாதபோது எங்கே போவது: தோட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

மனநல வைத்தியம் என்றதும் நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடைதான். திட்டுவதற்குக்கூட அந்த ஊர்ப் பெயரைத்தான் எடுக்கிறோம். கொழும்புப் பக்கம் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற அந்தப் பயத்தில் மாதக்கணக்காக லயத்து வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறார்கள். நோய் முற்றுவது இப்படித்தான்.

நுவரெலியா, பதுளை, கண்டி பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பல ஆதார வைத்தியசாலைகளிலும் குறிப்பிட்ட நாள்களில் மனநலக் கிளினிக் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு கட்ட வேண்டியதில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் டொக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள். எந்த நாள் என்று தோட்டத்து டிஸ்பென்சரியிலோ மிட்வைஃபிடமோ கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். குடும்பச் சண்டை, கடன் கவலை போன்றவற்றைப் பேச அவரும் உதவுவார்.

கோயிலா, ஆஸ்பத்திரியா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது அடுத்த தவறு. சாமி கும்பிடுவதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. திருநீறு போட்டால் தெம்பு வருகிறது என்றால் வரட்டும். ஆனால் ஆளைக் கட்டிப்போடும், அடிக்கும், டொக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் இடம் எதுவானாலும் அங்கிருந்து உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

குடி விஷயத்தில் இந்தக் குழப்பம் உயிரையே எடுத்துவிடும். வருஷக்கணக்கில் தினமும் சாராயமோ கசிப்போ (கள்ளச்சாராயம்) குடித்த ஒருவர், கோயிலில் சத்தியம் செய்துவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாளே கை நடுங்குகிறது, உடம்பு வேர்க்கிறது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத ஆள்கள் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊர்வது போல இருக்கும், ராத்திரியில் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் முனி அடித்துவிட்டது என்று கோடாங்கியைத் தேடிப் போகிறார்கள். மதுவுக்குப் பழகிய மூளை அது கிடைக்காமல் தடுமாறுவதுதான் காரணம். இது ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்துக் கவனிக்க வேண்டிய அவசர நோய். உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். இதையெல்லாம் பார்த்து, குடியை விடவே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். அதிகமாகக் குடிக்கிறவர் நிறுத்துவதற்கு முன்பே டொக்டரிடம் பேசிவிட்டால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போயும் பலன் இல்லாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மண்டையிடி, நெஞ்சு படபடப்பு என்று மட்டும் சொன்னால் அதற்குத்தான் மருந்து கிடைக்கும். “ராத்திரி தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சும்மா சும்மா அழுகை வருகிறது, வாழவே பிடிக்கவில்லை” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்களம் தெரியாததால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறோம். தன் புருஷன் அடிப்பதை ஒரு தாய் அந்தப் பிள்ளையின் வாய் வழியாக எப்படிச் சொல்வாள்? பிள்ளைக்கும் அது சுமக்கக்கூடிய பாரம் இல்லை. தமிழ் பேசும் தாதியோ வேறு உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நேரில் போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு இரவு பகல் எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மருந்து தொடங்கி ஒரு கிழமையில் சுகம் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். சுகம் வந்த பிறகும் பல மாதங்கள் எடுக்க வேண்டும். நிறுத்தும் நாளை டொக்டர்தான் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பது நிஜமான கஷ்டம். அந்தக் கஷ்டத்தை டொக்டரிடமே சொல்லி, அடுத்த தவணையைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்கலாம். கேட்காமல் பாதியில் விட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

கடைசியாக, சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது. “செத்துப்போகலாம் போல இருக்கா?” என்று நேராகக் கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. பலருக்கு அப்போதுதான் வாய் திறக்கும். பொலிஸ் பிடிக்கும் என்றும் பயப்பட வேண்டாம்; தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால் மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தை லயத்தில் வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1990க்கு அழையுங்கள், அந்தப் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.