பசார் மாலாம் இயர்போன் தேறுமா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

போன வருடம் சுங்கை சிப்புட் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 25 வெள்ளிக்கு ஒரு இயர்போன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கேட்டால் பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. காசு போச்சு என்று மேசை டிராயரில் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து என் தம்பி அதை எடுத்து, பெட்டியில் சும்மா கிடந்த பெரிய ரப்பர் முனையை மாட்டிக் கொடுத்தான். அதே இயர்போன்தான், உறுமி மேளம் காதுக்குள் வந்து இடித்தது.

படி 1: முனை

காதுக்குள் செருகும் இந்த வகை இயர்போன் காதுத் துளையைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் பேஸ் (அடி ஒலி) நிற்கும். மயிரிழை இடைவெளி போதும், ஓடிவிடும். காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்தபடி செருகுங்கள். பாட்டு ஓடும்போது விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால் முனை சிறியது, அடுத்த பெரிய அளவை மாட்டுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று சட்டம் இல்லை. எனக்கு இடதில் பெரியது, வலதில் நடுத்தரம்.

செருகும்போது 'டக்' என்று ஒரு நெளிசல் சத்தம் கேட்கலாம். காற்றழுத்தத்தில் இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் சவ்வு வளைகிறது, அவ்வளவுதான். மெதுவாகச் செருகினால் குறையும்.

படி 2: கட்டுமானம்

கேபிள் அறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பிளக் கழுத்திலும் காதுக்கூட்டின் அடியிலும். பாட்டு ஓடும்போதே அந்த இரண்டையும் மெல்ல வளையுங்கள். கரகரவென்றாலோ ஒரு பக்கம் விட்டுவிட்டு வந்தாலோ உடனே திருப்பிக் கொடுங்கள், நாளை கடைக்காரர் வேறு ஊர்ச் சந்தையில் இருப்பார். கேபிள் தனியாகக் கழன்று வந்தால் நல்லது. அறுந்தால் கேபிளை மட்டும் மாற்றலாம். கேபிள் காதுக்கூட்டில் 0.78 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு ஊசியால் செருகும் வகைக்கு மாற்றுக் கேபிள் சுலபமாகக் கிடைக்கும்.

படி 3: ஒலி

பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை என்று பாடப் புத்தகம் சொல்வதும் அதுதான். நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுங்கள். பழைய இயர்போனோடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். கொஞ்சம் உரக்கப் பாடுவதே நல்லது என்று காது ஏமாறும்.

நான் தவிலில் தொடங்குவேன். வலந்தலையின் (வலப்பக்கம்) 'தக' தனியாகவும் தொப்பியின் (இடப்பக்கம்) 'தொம்' தனியாகவும் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே மொத்தலாக வந்தால் பேஸை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

அப்புறம் மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தி. வாசிப்பவர் 'ஸ', 'ஷ' சொல்லும்போது காதில் ஊசி குத்தினால் உச்ச ஒலி அதிகம். குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தால் நடு ஒலி குறைவு. மலிவு இயர்போனில் நான் முதலில் கழிப்பது இந்தக் குரல் சோதனையில் தோற்றவற்றைத்தான்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால்

இயர்போனை இடம் வலம் மாற்றி, முனைகளையும் அந்தந்தக் காதுக்கு ஏற்ற மாதிரி மாட்டிக் கேளுங்கள். குறை இப்போது மறு காதுக்குப் போனால் கோளாறு இயர்போனில், அல்லது பாட்டு வரும் கருவியில். அதே காதில் நின்றால் முனை சரியாக அடைக்கவில்லை, அல்லது காதில் அழுக்கு.

இயர்போனில்தான் என்றாலும் தூக்கிப் போடாதீர்கள். முனையைக் கழற்றி, குழாய் வாயிலுள்ள சின்ன வலையை வெளிச்சத்தில் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காய்ந்த பழைய பல் துலக்கியால் மெல்லத் தட்டுங்கள். ஊசி வேண்டாம், வலை கிழியும்.