அந்த ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது?

கிருஷ்ணகிரியில் புதிதாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு வந்த இரண்டு தம்பிகளுக்குப் போன மாதம் தொழில் பழக்கினேன். வண்டி எண், கே.ஒய்.சி. (அடையாளச் சான்று), பணம் எல்லாம் ஐந்தே நிமிடத்தில் முடிக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் நான் முன்பு ஒருமுறை செய்த தப்பும் நடந்துவிடுகிறது. பெயரில் எழுத்துப்பிழை, தேதி தவறுவது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை.

வாடிக்கையாளர் எண் இருக்க வேண்டிய இடத்தில் நம் எண்

"அண்ணா, அவருக்கு ஓ.டி.பி. பார்க்கத் தெரியாது. நம்ம நம்பரே போட்டுடலாம்."

தம்பிகள் இப்படிச் சொல்வதைக் கேட்டாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அப்படித்தான் போட்டேன். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் சின்ன வண்டிக்காரர் ஒருவர். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், நடுராத்திரி, முன்னால் போன லாரியில் மோதிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பதிவும் செய்தார். படம் எடுத்து ஏற்றுவதற்கான லிங்க் என் போனுக்கு வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் வண்டியை இழுத்து ஓரம் கட்டிவிட்டார்கள். மறுநாள் தர்மபுரி ஒர்க்‌ஷாப்பில் பம்பரையும் பானட்டையும் கழற்றிய பிறகுதான் படம் எடுத்தோம், அதையும் வாட்ஸாப்பில் அனுப்பினோம். லிங்க் வழியாக எடுக்கும் படத்தில் நேரமும் இடமும் சேர்ந்து பதிவாகும். வாட்ஸாப்பில் போன படத்தில் அந்த விவரம் தங்காது. எது இந்த மோதலில் உடைந்தது, எது பழைய அடி என்று சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. க்ளெய்மில் ஏறக்குறைய பாதிப் பணம் போயிற்று. வண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை. "நீங்க போட்ட நம்பர்தானே சார்" என்று மட்டும் கேட்டார்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான். இ-சேவை மைய எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோ கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். 2023 காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) பருவம் முதல் நெல் மகசூல் கணக்கில் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டையும் சேர்க்கிறார்கள். அதை நம்பி, வயலில் தண்ணீர் நின்றாலும் மேலிருந்து பார்த்துக்கொள்வார்கள் என்று சும்மா இருக்கக் கூடாது. ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது போன்ற தனி வயல் சேதத்தை விவசாயியே 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீட்டு ஆப்பில் சொல்லலாம், 14447 உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். அதன்பின் வரும் தகவலெல்லாம் பதிவான எண்ணுக்குத்தான் போகும்.

வாடிக்கையாளருக்குப் போன் பழக்கமில்லை என்றால் அதே வீட்டில் இருக்கும் பிள்ளையின் எண்ணைப் போடுங்கள். போட்டதும் அங்கேயே கூப்பிட்டு, மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி

ஓசூரிலேயே தயாராகும் வண்டி என்பதால் இந்தப் பக்கம் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. விபத்து, தீ, திருட்டு பாலிசியில் அடங்கும். பழகிப்போய் மைலேஜ் குறைவது அடங்காது, அது வாரண்டி சமாச்சாரம். தண்ணீர் புகுந்தோ சார்ஜில் ஷார்ட் ஆகியோ கெட்டால் பெரும்பாலும் தனி ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் பாதுகாப்பு) எடுத்திருக்க வேண்டும். விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நோ க்ளெய்ம் போனஸ்

க்ளெய்ம் வாங்காதவருக்குத் தரும் தள்ளுபடி இது. வாங்கியவருக்கு 'வாங்கவில்லை' என்று பொய் டிக் வேண்டாம். பழைய கம்பெனியில் கேட்டுவிடுவார்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன்

முதலில் ஆள், அடுத்து படம், அப்புறம்தான் கிரேன்.

தம்பிகள் இருவரும் அதுவரை போட்டிருந்த பாலிசிகளை உட்கார்ந்து பார்த்தோம். 38 பாலிசிகளில் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதில் தம்பிகளின் எண்தான் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சரியான எண் வாங்கி, எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் 11 பேர் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறோம்.