நரி எங்கே போனது? நரி, கயோட்டி எண்ணிக்கையைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அயோவாவிலோ இல்லினாயிலோ சோளக்காட்டுக்கு நடுவே குடியிருக்கும் ஒருவர், “இந்த வருஷம் நரியே கண்ணில் படவில்லை, ராத்திரி முழுக்கக் கயோட்டி ஊளைதான்” என்கிறார். கயோட்டி, ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு நாயினம். அவர் சொல்வதற்கு மூன்று பொருள் இருக்கலாம். நரிகள் செத்திருக்கலாம். சாகாமல், ஒரு கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவரின் கொட்டகையோரம் குடிபெயர்ந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், அவர் நடக்கும் பாதையும் பார்க்கும் நேரமும் மாறியிருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் “நரி அழிந்தது, கயோட்டி பெருகியது” என்று முடிவு கட்டும்போதே கணக்கு பிழையாகிவிடுகிறது. அந்தப் பிழையை நம்பி ஒரு பண்ணை துப்பாக்கியையோ பொறியையோ எடுத்தால், நிலைமை பெரும்பாலும் முன்பைவிட மோசமாகத்தான் ஆகும்.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழகத்திலும் இலங்கையிலும் வயலுக்கு அப்பால் ஊளையிடும் நரி, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. இலங்கையில் அது ஒன்றுதான் உண்டு. ‘குள்ளநரி’ என்ற சொல்லோ சிலருக்கு அதே விலங்கையும், சிலருக்கு உருவில் சிறிய வங்காள நரியையும் குறிக்கிறது. இந்தப் பழக்கத்தில், வட அமெரிக்கச் செய்தியைத் தமிழில் சொல்பவர்கள் கயோட்டியையும் நரி என்கிறார்கள், செந்நரியையும் நரி என்கிறார்கள். கயோட்டி நம் ஊளையிடும் நரியின் பங்காளி. செந்நரி வேறு குலம். ஒன்று மற்றதைத் துரத்தும், கொல்லவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு யார் கூடினார், யார் குறைந்தார் என்று பேசவே முடியாது. கயோட்டி, செந்நரி, மரமேறும் சாம்பல் நரி என்று மூன்றையும் தனித்தனியாகவே எழுதுங்கள்.

அடையாளத்தில் வரும் பிழை

இரவுக் கேமராவின் மங்கலான படத்தில் நிறத்தை நம்பக் கூடாது. வால் நுனியைப் பாருங்கள். செந்நரிக்கு நுனி வெள்ளை. உடல் முழுக்கக் கறுத்துப் பிறந்த செந்நரிக்கும் அந்த வெள்ளை இருக்கும். கயோட்டிக்கும் சாம்பல் நரிக்கும் நுனி கறுப்பு. செந்நரி பெரும்பாலும் 3 முதல் 7 கிலோ; கயோட்டி 9 கிலோவுக்குக் குறைவாக இருப்பது அரிது, கிழக்கு மாநிலங்களில் 20 கிலோவைத் தொடும். குளிர்கால மயிர் அடர்ந்திருக்கும்போது செந்நரியும் பெரிதாகவே தெரியும். அதனால் படத்தில் உருவத்தை அளக்க, கேமராவுக்கு எதிரே உயரம் குறித்த ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

கால்தடத்தில் கயோட்டியின் முன்கால் பதிவு சுமார் 6 முதல் 7 செ.மீ. நீளம், முட்டை வடிவம். நடு விரல்களின் நகக்குறிகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும். செந்நரியுடையது 5 முதல் 6 செ.மீ.; உள்ளங்காலில் மயிர் இருப்பதால் விளிம்பு கலங்கலாக விழும், குதிப்பட்டையில் குறுக்கே வளைந்த ஒரு கோடு தெரியும். சாம்பல் நரியுடையது 4 செ.மீ. அளவுதான், நகக்குறி பல நேரம் விழாது. இங்கே நிறையப் பேர் ஏமாறுவது உருகும் பனியில். காலையில் பதிந்த செந்நரித் தடம், வெயில் ஏறிப் பனி இளகியதும் விரிந்து, பிற்பகலில் கயோட்டித் தடமாகத் தெரியும். பனி பெய்த மறுநாள் காலையில் அளந்தால் மட்டும் நம்புங்கள். அளவுகோலைத் தடத்தின் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படமெடுங்கள்.

ஊளையைக் கேட்டுத் தலை எண்ணுவது அடுத்த பிழை. இரண்டு கயோட்டிகள் குரலை மாற்றி மாற்றி ஊளையிட்டால் ஆறேழு கத்துவது போலக் கேட்கும். ‘ஊளை கேட்டது’ என்று எழுதுங்கள், ‘எட்டு கயோட்டி’ என்று எழுதாதீர்கள்.

உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போன அக்டோபரில் 2 கேமரா, 30 இரவு. கயோட்டி 9 முறை வந்தது. இந்த அக்டோபரில் 5 கேமரா, 30 இரவு. 18 முறை வந்தது. இரட்டிப்பாகிவிட்டது என்பார்கள். கேமரா எண்ணிக்கையை இரவுகளால் பெருக்குங்கள். 60 கேமரா இரவுக்கு 9 என்றால் நூறு இரவுக்கு 15. 150 கேமரா இரவுக்கு 18 என்றால் நூறு இரவுக்கு 12. வரவு உண்மையில் குறைந்திருக்கிறது. ஒரே விலங்கு கேமரா முன்னால் உட்கார்ந்து இருபது படம் கொடுப்பதும் உண்டு. அரை மணி நேரத்துக்குள் வரும் அதே இனப் படங்களையெல்லாம் ஒரே வரவாகக் கொள்ளுங்கள்.

கேமராவைத் தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், வடக்கு பார்த்து வைத்தால் வெயில் லென்ஸில் விழாது. முன்னாலுள்ள புல்லை வெட்டிவிடுங்கள். ஆடும் புல் ஆயிரம் வெற்றுப் படங்களைத் தந்து பேட்டரியைத் தின்றுவிடும். ஒரு வருஷம் இறைச்சி வைத்து, மறு வருஷம் வைக்காமல் விட்டால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

மினசோட்டா மாநிலம் 1970களிலிருந்து செய்துவரும் கணக்கெடுப்பு நல்ல முன்மாதிரி. சாலையோரம் 480 மீட்டருக்கு ஒன்றாகப் பத்து இடங்களில், சுமார் 0.9 மீட்டர் அகலத்துக்கு மண்ணைச் சலித்து வட்டமாகப் பரப்பி, நடுவில் விலங்கை ஈர்க்கும் மணவில்லை ஒன்றை வைக்கிறார்கள். மறுநாள் எந்த வட்டத்தில் யார் தடம் என்று பார்க்கிறார்கள். அதே பாதை, அதே பருவம், ஒரே ஓர் இரவு. இதில் கிடைப்பது தலைக்கணக்கு கிடையாது, ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீடு மட்டுமே. மழை பெய்து வட்டம் கலைந்தால் அது ‘வரவில்லை’ ஆகாது. அந்த வட்டத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மாதம் மாறினால் கணக்கும் மாறும்

கயோட்டி குளிர்காலக் கடைசியில் இணை சேர்ந்து, 63 நாள் சுமந்து, ஏப்ரல், மே மாதங்களில் ஆறு குட்டி அளவில் ஈனும். செந்நரி 51 முதல் 53 நாளில், மார்ச், ஏப்ரல் வாக்கில் நான்கைந்து குட்டி போடும். ஆக, கோடையில் ஒரு கயோட்டி ஜோடி எட்டாகி நிற்கும். அந்தக் குட்டிகளில் பாதிக்கு மேல் முதல் ஆண்டிலேயே சாவது சாதாரணம். இலையுதிர் காலத்தில் இளசுகள் தாயை விட்டுப் பிரிந்து இடம் தேடி அலையும். அப்போதுதான் அவை சாலையில் அடிபடும், புதிய முகமாகக் கண்ணில் படும். அக்டோபரில் பார்த்ததையும் முந்தைய மார்ச்சில் பார்த்ததையும் வைத்து ‘பெருகுகிறது’ என்பது விதைத்த நாளையும் அறுத்த நாளையும் ஒப்பிடுவதைப் போன்றது. மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடுங்கள். குறைந்தது ஐந்து மார்ச் கையில் இருக்கட்டும். நூற்றுக்கணக்கான இடங்களில் கணக்கெடுத்தால் மூன்றாண்டில்கூடப் போக்கு தெரியலாம். ஒரு பண்ணையில் தெரியாது.

தவறான இடத்தில் தேடுவது

கயோட்டி வலுத்த ஊரில் செந்நரி அதன் வாழ்பரப்புகளுக்கு இடைப்பட்ட விளிம்புகளில் பிழைக்கும். நாயும் விளக்கும் உள்ள வீட்டோரம், கைவிட்ட களஞ்சியம், ஊர்ச் சாலையின் வடிகால் குழாய் ஆகியவை அதற்குப் பிடித்தவை. மனிதனுக்கு அருகே கயோட்டி தயங்கும் இடம் செந்நரிக்குக் காவலாகிறது. காட்டோடைக் கரையிலும் வயல் நடுவிலும் மட்டும் கேமரா வைத்துவிட்டு, “செந்நரி இல்லை” என்றால் அந்தப் பதிவு கயோட்டியின் வீட்டைத்தான் காட்டுகிறது. கேமராக்களில் பாதியை வீட்டுக்கு 200 மீட்டருக்குள் வையுங்கள்.

பழைய தோல் கணக்கை அப்படியே நம்புவது

வேடர்களும் பொறி வைப்பவர்களும் விற்ற தோல்களின் எண்ணிக்கைதான் பல மாநிலங்களில் நமக்குக் கிடைக்கும் நீண்ட காலப் பதிவு. அருமையான பதிவு, ஆனால் அதில் விலையும் கலந்திருக்கிறது. 1970களின் கடைசியில் நரித்தோல் விலை உச்சத்தில் இருந்தபோது ஊருக்கு ஊர் பொறி வைத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் விலை சரிந்ததும் பொறிகள் கொட்டகைக்குப் போயின. தோல் எண்ணிக்கை விழுந்ததை நரி எண்ணிக்கை விழுந்ததாகப் படித்துவிடக் கூடாது. இதற்கு ஓரளவு மருந்து, கயோட்டித் தோலுக்கும் செந்நரித் தோலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. ஒரே ஆள் ஒரே பருவத்தில் இரண்டையும் பிடிக்கிறார். இரண்டின் விலையும் ஒன்றாக ஏறி இறங்காத ஆண்டுகளில் விகிதமும் ஏமாற்றும்.

மேலே இருப்பவனை மறப்பது

கயோட்டி ஒரு காலத்தில் மேற்கு, நடுப்பகுதிகளின் புல்வெளி, பாலை விலங்கு. ஓநாயும் பூமாவும் ஒழிக்கப்பட்டு, காடு வெட்டி வயலானதும் கிழக்கே நகர்ந்தது. 1980களில் கடல் பனியின் மேல் நடந்து நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கே போனது. இன்று ஹவாயைத் தவிர எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இருக்கிறது. வடக்கு டகோடாப் புல்வெளியில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். விஷமும் வேட்டையும் கயோட்டியை அழுத்தி வைத்திருந்த ஆண்டுகளில் அங்கே செந்நரி பரவியது. 1972இல் அதிபர் நிக்சனின் ஆணை கூட்டாட்சி நிலங்களில் விஷம் வைப்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு கயோட்டி மீண்டும் பரவப் பரவ, செந்நரி பின்வாங்கியது. மினசோட்டாவில் ஓநாய் மீண்ட பகுதிகளில் கயோட்டி குறைந்து செந்நரி கூடியது. செந்நரி எண்ணிக்கையை மட்டும் தனியாக வரைந்து, காரணத்தைப் பயிரிலோ பனியிலோ தேடுகிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். ஓநாய், கயோட்டி, செந்நரி மூன்றின் கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள்.

சுட்டுத் தள்ளினால் குறையும் என்று நம்புவது

கயோட்டிக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் ஈனும். அது தன் எல்லைக்குள் வெளியாரை விடாது. அந்த ஜோடியைச் சுட்டால் எல்லை திறக்கிறது. அலைந்து திரியும் இளசுகள் பல திசையிலிருந்து நுழைகின்றன, முன்பைவிட அதிகமாகக் கண்ணில் படுகின்றன. இரை பங்கு கூடுவதால் மீதிப் பெட்டைகளுக்குக் குட்டியும் கூடுகிறது: டெக்சஸில் 1972இல் வெளியான ஆய்வில், கயோட்டியை அதிகம் கொல்லாத பகுதிகளில் ஈற்றுக்குச் சராசரி 4.3 ஆக இருந்தது, கடுமையாகக் கொன்ற பகுதிகளில் 6.9 ஆக இருந்தது. ஆண்டுதோறும் 75 சதவீதத்தைக் கொன்றாலும் முழுதாக ஒழிக்க ஐம்பது ஆண்டுக்கு மேலாகும் என்று 1975இல் கலிபோர்னியாவில் போட்ட கணக்கு காட்டியது. எந்தப் பண்ணையாலும் அது முடியாது.

முடிந்தாலும் அந்த இடத்துக்கு வருவது செந்நரி. வாத்துக் கூடுகளில் இதை அளந்திருக்கிறார்கள். டகோடாப் புல்வெளிகளில் 1995இல் வெளியான ஆய்வில், கயோட்டி ஆளும் இடங்களில் 32 சதவீதக் கூடுகள் பொரித்தன. செந்நரி ஆளும் இடங்களில் 17 சதவீதமே. கயோட்டியின் பரப்பு பெரிது, தலை குறைவு. செந்நரியோ முட்டையைத் தின்பதோடு நிற்காமல் எடுத்துப் புதைத்தும் வைக்கும். நிலத்தில் கூடு கட்டும் பறவைகளுக்காகக் கயோட்டியைக் கொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

கோழிக்கு வேண்டியது சுவர்தான்: அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை, வலையின் அடிப்பகுதி 30 செ.மீ. மண்ணுக்குள், பொழுது சாயுமுன் பூட்டும் கதவு. ஆட்டுக்குக் குட்டி போடும் வாரங்களில் இரவுப்பட்டியும் காவல் நாயும்.

நோயைக் கணக்கில் விடுவது

தோலுக்குள் துளைத்துக் குடியிருக்கும் நுண்ணிய உண்ணியால் வரும் சொறி, செந்நரியை ஓரிரு ஆண்டுகளில் துடைத்துவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1994இல் வந்த சொறியில் 95 சதவீதத்துக்கு மேல் செத்தன. மொண்டானாவில் 1909இல் ஓநாயையும் கயோட்டியையும் ஒழிக்கவென்றே பிடித்த விலங்குகளுக்கு இதை ஏற்றிக் காட்டில் விட்டார்கள். இன்று வருந்தத்தக்க முடிவு அது. சொறி பிடித்த விலங்கு பகலில் வெளியே வரும், வீட்டருகே படுக்கும். அதனால் சாகும் ஆண்டில் பார்வைகள் கூடும்! மயிர் உதிர்ந்த எலிவால், ஓடு தட்டிய முகம் தெரிந்தால், பார்வை கூடியதைப் பெருக்கமாக எழுதாதீர்கள். பகலில் திரியும் எல்லா நரியும் நோயாளி என்றும் கொள்ள வேண்டாம். மே மாதத்தில் குட்டிக்கு இரை தேடும் தாய் பகலெல்லாம் ஓடும்.

வெள்ளெலி, முயல் போன்ற இரைகளும் ஏறி இறங்கும். கனடாவின் வடகாட்டில் பனிமுயல் சுமார் பத்தாண்டு வட்டத்தில் ஏறி விழும்போது கயோட்டியும் ஓரிரு ஆண்டு பிந்தி ஏறி விழுகிறது. உச்சத்தில் தொடங்கிய கணக்கு சரிவையே காட்டும்.

பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: “அக்டோபர் 1–30, கேமரா 2 (ஒன்று ஓடைக்கரை, ஒன்று கொட்டகை), இரவு 60, கயோட்டி 7, செந்நரி 3, சொறி 1, இரை வைக்கவில்லை, 12ஆம் தேதி மழை.” ஒரு கேமராவில் பேட்டரி ஆறு இரவு முன்பே தீர்ந்திருந்தால், 60ஐ அடித்துவிட்டு 54 என்று எழுதுங்கள்.